ஆறுதலும் ஆற்றுதலும்

அடுப்பினின்று இறக்கிய பால் கொதிக்கின்றது. குழந்தையோ பசியால் அழுகின்றது. தாய் அப்பாலை ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றுகின்றாள். சிறிது நேரத்தில் பால் பருகும் பதத்திற்கு வந்துவிடுகின்றது. இச்செயலைப் பாலை ஆற்றுதல் என்று தமிழ் மக்கள் வழங்குவர். துயருற்றவருக்கு இன்சொல் கூறி அவர்தம் உள்ளத்தின் வெம்மையைத் தணித்தலும் ஆற்றுதலே. மேற்கொண்ட கடமையைச் செய்து முடித்தலும் ஆற்றுதலே. வந்த துன்பத்தைப் பொறுத்து நிற்றலும் ஆற்றுதலே. தணித்தல், செய்தல், பொறுத்தல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்த நம் முன்னோர், துன்பத்தை வெல்லும் வழியையும் அச்சொல்லிலேயே பொதிந்து வைத்தனர் எனலாம்.

ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. புண் ஆறுகின்றது, சினம் ஆறுகின்றது, துயரும் நாளடைவில் ஆறுகின்றது. காலம் எல்லாத் துயரையும் ஆறச் செய்யும் என்று பெரியோர் கூறுவது உண்மையே. எனினும், புண்ணைக் கழுவி மருந்திடாமல் காலத்தை மட்டும் நம்பியிருப்பவன் அறிவுடையவன் ஆகான். அதுபோலவே உள்ளத்துப் புண்ணையும் ஆற்ற வேண்டும். அஃது எவ்வாறு என்பதை அறிந்துகொள்ளுதல் இளமைப் பருவத்திலேயே வேண்டப்படும் கல்வியாகும்.

துயரையும் அச்சத்தையும் பிறர் அறியாமல் மறைத்து வைத்தலே வீரம் என்று கருதுவோர் சிலர் உளர். அழுகின்ற சிறுவனை நோக்கி, "நீ ஆண்பிள்ளை அல்லவா? அழலாமா?" என்று கேட்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, உள்ளத்தில் தோன்றி உடம்பின் வழியே புலப்படும் உணர்ச்சிகள் எட்டு என்று அவர் காட்டினார். அந்த எட்டனுள் நகையும் உவகையும் பெருமிதமும் இடம் பெற்றிருத்தல் போலவே அழுகையும் அச்சமும் இடம் பெற்றிருக்கின்றன. சிரித்தல் எத்துணை இயல்போ, அழுதலும் அத்துணை இயல்பே என்பது அவர் கருத்து.

அவர் அவ்வளவில் நின்றாரல்லர். ஒவ்வோர் உணர்ச்சியும் எவ்வெவற்றால் தோன்றும் என்றும் பகுத்துரைத்தார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலை கெட்டு வருந்துதல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்குக் காரணங்கள். தெய்வம், விலங்கு, கள்வர், தமக்கு மேலானவர் ஆகிய நான்கும் அச்சத்திற்குக் காரணங்கள். இக்காலத்து மாணவன் காட்டு விலங்கைக் கண்டு அஞ்சுதல் அரிது. தேர்வையும், தேர்வின் முடிவையும், வீட்டிலுள்ள கடனையும், தாயின் நோயையும் எண்ணி அவன் அஞ்சுகின்றான். பொருள்கள் மாறினும் முறை மாறவில்லை. "என் மனம் நன்றாக இல்லை" என்று பொதுப்படக் கூறிக் கலங்குவதைவிட, "இஃது அச்சம், இன்னதைப் பற்றிய அச்சம்" என்று பகுத்து அறிதல் நலம். இருட்டில் நிழலாகத் தோன்றியது விளக்கொளியில் தூணாகவோ மரமாகவோ தெளிவுபடுதல் போல, பெயரிட்டு அறிந்த உணர்ச்சி தன் பேருருவத்தை இழந்துவிடும்.

துயரத்தை அறிந்த பின், அதனை வெளிப்படுத்த ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் அதற்குரிய வழக்கங்கள் பல உண்டு. இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் உணவு கொண்டுவந்து கொடுத்து உண்ணச் செய்வர். பெண்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு ஒப்பாரி பாடுவர். மறைந்தவரின் குணங்களை எல்லாம் எடுத்துரைத்து வாய்விட்டு அழுவர். தொலைவில் உள்ளோர் செய்தி அறிந்து பின்னர் வந்து துக்கம் விசாரிப்பர். திரும்பும்போது, "போய் வருகிறேன்" என்று சொல்லாமலே செல்வர். இவற்றுள் சில வழக்கங்கள் இன்று குறைந்து வருகின்றன. ஆயினும் அவற்றின் உட்பொருள் குறையத் தக்கதன்று. துயருற்றவரைத் தனியே விடலாகாது, அவர் பசித்திருக்கலாகாது, அவர் அழுவதற்குத் தடை இருத்தலாகாது என்பதே அவ்வுட்பொருள்.

நம் இலக்கணப் புலவர்கள் துயரின் உச்ச நிலைக்குக் கையறுநிலை என்று பெயரிட்டனர். கையறுதலாவது செய்வது இன்னதென்று அறியாது செயலற்று நிற்றல். தம்மைப் போற்றிய தலைவன் இறந்தபோது புலவர்கள் பாடிய பாட்டுகள் இத்துறையின்பாற்படும். பறம்பு மலைக்குத் தலைவனாகிய பாரி மூவேந்தரின் பகையால் மாண்டபோது அவன் மகளிர் இருவரும் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. முந்தைய திங்களின் முழுநிலவில் தமக்கு இருந்தவற்றையும், இத்திங்களின் முழுநிலவில் தாம் இழந்தவற்றையும் அவர்கள் ஐந்தே அடிகளில் சொல்லிவிட்டனர். அதில் பகைவரை வைதலும் இல்லை. விதியை நொந்து நீளப் பேசுதலும் இல்லை. துயரத்தை உள்ளவாறே சொல்லியதனால் அப்பாட்டு இரண்டாயிரம் ஆண்டுக்காலமாகத் துயருற்ற உள்ளங்களுக்குத் துணையாக நிற்கின்றது.

துயரம் கையை அறச் செய்யும் என்றால், அத்துயரை ஆற்றுவது எது? அற்ற கை மீண்டும் செயலில் இறங்குவதே. இவ்வுண்மையை ஓர் அறிஞரின் வாழ்க்கை நன்கு விளக்குகின்றது.

1871 ஆம் ஆண்டில், வறிய குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞர் மாயூரத்திற்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். பிள்ளை அவர்கள் கல்விப் பெருங்கடல். தாம் கடன்பட்டு வருந்திய காலத்திலும் மாணாக்கரிடம் பொருள் வாங்காமல் பாடம் சொன்ன வள்ளல். அவ்விளைஞருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். ஆசிரியரோ சாமிநாதன் என்று அழைத்தார். பிற்காலத்தில் உ. வே. சாமிநாதையர் என்று தமிழுலகம் போற்றியவர் அவரே. பாடம் கேட்பதும், ஆசிரியர் இயற்றும் செய்யுட்களை ஏட்டில் எழுதுவதும், அவர் செல்லும் ஊர்களுக்கெல்லாம் உடன் செல்வதுமே அவ்விளைஞரின் வாழ்வாயின.

ஐந்தாண்டுகள் ஓடின. ஆசிரியர் நோய்வாய்ப்பட்டார். 1876 ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் முதல் நாள், திருவாவடுதுறையில், திருவாசகத்தில் உள்ள அடைக்கலப் பத்தை மாணவர் படிக்கக் கேட்டவாறே அவர் உயிர் நீத்தார். சாமிநாதருக்கு அப்போது இருபத்தொரு வயது நிரம்பவில்லை. தந்தையினும் மேலாக எண்ணிய ஆசிரியர் மறைந்தார். கற்க எண்ணிய நூல்கள் கற்கப்படாமல் நின்றன. எதிர்கால வாழ்வுக்கு வழியும் தெரியவில்லை. எவர் தம்மை அழைத்தாலும் ஆசிரியர் அழைத்த பெயரே செவியில் விழும். புலவர்கள் கூறிய கையறுநிலை இதுவே.

அந்நிலையில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் செய்த செயல் நினைந்து போற்றத் தக்கது. "அழாதே" என்று சொல்லி அவரை ஊருக்கு அனுப்பிவிடுதல் எளிது. தேசிகர் அவ்வாறு செய்தாரல்லர். மாணவரைத் தேற்றி, மடத்திலேயே இருக்கச் செய்து, தாமே பாடம் சொல்லத் தொடங்கினார். அதனோடு அமையாமல், இளைய மாணாக்கர்க்குப் பாடம் சொல்லும் பணியையும் அவரிடம் ஒப்புவித்தார். இழந்தது கல்வியின் ஊற்று. தேசிகர் அந்த இடத்திலேயே மற்றோர் ஊற்றைத் திறந்தார். அறிவைப் பெற்ற கை, அதனைப் பிறர்க்கு வழங்கும் கையாயிற்று. ஆசிரியரிடம் கேட்ட பொருளைத் தாம் எடுத்துச் சொல்லும்தோறும் ஆசிரியரின் குரல் அழியவில்லை என்பதை அம்மாணவர் உணர்ந்திருத்தல் கூடும்.

பின்னர், பிள்ளையவர்களின் பழைய மாணாக்கராகிய தியாகராச செட்டியார், தாம் கும்பகோணம் கல்லூரியில் வகித்த தமிழாசிரியர் பதவி சாமிநாதருக்குக் கிடைக்குமாறு செய்தார். 1880 ஆம் ஆண்டில் அவர் அப்பதவியை ஏற்றார். 1887 இல் சீவக சிந்தாமணியையும், 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். கையறுநிலைப் பாடல்கள் பல நிறைந்த அப்புறநானூற்றை ஏட்டிலிருந்து மீட்டுத் தமிழர் கையில் கொடுத்தவர், தாமே கையறுநிலையை அனுபவித்தவர் என்பதை மறத்தலாகாது.

பணியில் மூழ்கியதனால் அவர் ஆசிரியரை மறந்துவிட்டாரோ எனின், இல்லை. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்ற பின், 1933 ஆம் ஆண்டில், எழுபத்தெட்டு வயது முதியவராகிய அவர் ஆசிரியரின் வரலாற்றின் முதற்பகுதியை வெளியிட்டார்; மறு ஆண்டில் இரண்டாம் பகுதியும் வெளிவந்தது. இதனால் விளங்குவது யாது? ஆற்றுதல் வேறு, மறத்தல் வேறு. துயரம் ஆறிய உள்ளத்தில் மறைந்தவர் இல்லாமற் போவதில்லை. தொட்டால் சுடும் நெருப்பாக இருந்த நினைவு, வழிகாட்டும் விளக்காக மாறி நிற்கின்றது. இறந்தவரை நினையாதிருந்தால்தான் வாழ முடியும் என்று எண்ணுதலும் தவறு. சிரித்தால் அவருக்குச் செய்யும் துரோகம் ஆகும் என்று எண்ணுதலும் தவறு.

கற்றறிந்த ஒருவர்க்கே இது கைகூடும் என்று கருத வேண்டா. 2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். கடலையே தாயாகக் கருதிய மீனவர் பலர் அக்கடலைக் காணவும் அஞ்சினர். படகும் வலையும் இழந்து பல நாட்கள் கரையிலேயே இருந்தனர். பின்னர், படகுகள் பழுது பார்க்கப்பட்டன, வலைகள் செப்பனிடப்பட்டன, அஞ்சிய உள்ளத்தோடே மீண்டும் கடலில் இறங்கினர். அச்சம் முற்றும் நீங்கிய பிறகு அவர்கள் இறங்கினரல்லர். இறங்க இறங்கவே அச்சம் சிறிது சிறிதாக நீங்கிற்று. இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் கரையில் கூடி, மலர் தூவிப் பால் ஊற்றி, மறைந்தவரை நினைந்து அழுகின்றனர். உழைத்தலும் அழுதலும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, நாள்தோறும் வரும் கவலையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். அச்சம் தோன்றியவுடன் நெஞ்சு படபடக்கின்றது, வாய் உலர்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியில் கலப்பதே இதற்குக் காரணம். புலி எதிர்ப்பட்டால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பை ஆயத்தம் செய்யும் ஏற்பாடு இது. தேர்வுத்தாளைக் கண்டவிடத்தும் உடம்பு அதனைப் புலியென்றே எண்ணிக்கொள்கின்றது! ஆகவே, படபடப்பு ஏற்பட்டதனால் தான் கோழை என்றோ, தனக்கு அறிவில்லை என்றோ ஒருவன் முடிவு செய்தல் கூடாது. அமைதியாக அமர்ந்து, மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிட்டால் நெஞ்சின் துடிப்பு தணியும். உடம்பு தணியவே உள்ளமும் தணியும்.

அடுத்து, கவலைக்குக் காரணமான செயலைச் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். முழுப் புத்தகத்தையும் ஒருங்கே நினைத்து மலைக்கும் மாணவன் ஒரு பாடமும் படியான், அவனும் கையற்றவனே. இன்று இப்பாடம், இந்தப் பக்கங்கள் என்று வரையறுத்துக்கொண்டு முதற்பக்கத்தைத் திறப்பவன் பாதிக் கவலையைக் கடந்தவன் ஆகின்றான். உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு விழித்திருத்தலால் பயனில்லை. உறக்கம் இழந்த உள்ளத்தில் சிறு கவலையும் பெரிதாகத் தோன்றும். காலத்தில் உண்டலும், மாலையில் விளையாடுதலும், இரவில் நன்கு உறங்குதலும் உள்ளத்திற்கும் மருந்தாகும்.

எல்லாவற்றினும் சிறந்தது உற்றவரிடம் உரைத்தல். பாலை ஆற்றுவதற்கு இரண்டு கலங்கள் வேண்டும். ஒரே கலத்தில் இருக்கும் பால் விரைவில் ஆறாது. துயரமும் அத்தகையது. அன்னையோ, தந்தையோ, ஆசிரியரோ, அண்ணனோ, தோழனோ ஒருவர் இரண்டாம் கலமாக இருந்து அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு ஏற்பவர்க்கும் கடமைகள் உண்டு. துயருற்றவன் பேசும்போது இடைமறித்தல் கூடாது. "இதற்கா இவ்வளவு வருத்தம்?" என்று இகழ்தல் கூடாது. தம் துயரமே பெரிது என்று ஒப்பிட்டுக் கூறுதலும் கூடாது. தக்க சொல் கிடைக்காவிடின் வாளா உடனிருத்தலே போதும். தந்தையை இழந்த மாணவன் சில நாட்கள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பும்போது, அவனுக்கு என்ன சொல்வது என்று அறியாமல் தோழர்கள் விலகிச் செல்லுதல் உண்டு. அவ்விலகல் அவனுக்கு இரண்டாவது இழப்பாக முடியும். அவன் அருகில் அமர்ந்து, அவன் வராத நாட்களின் பாடங்களை எழுதிக் கொடுக்கும் தோழனே அவனை ஆற்றுபவன். திருவாவடுதுறையில் தேசிகர் செய்ததும் இதுவன்றோ?

சில துயரங்கள் இவ்வளவிலும் தணியாமற் போதல் உண்டு. பல வாரங்கள் உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் மனம் செல்லாமல், உயிர்வாழ்தலே வேண்டா என்னும் எண்ணம் தலைகாட்டுமாயின், அதனை நோய் என்று உணர்ந்து உடனே பெரியவரிடம் சொல்லி மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லுதல் எவ்வாறு இழுக்கு அன்றோ, அவ்வாறே இதுவும் இழுக்கு அன்று. மனநல மருத்துவம் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகின்றது. 2022 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடுவண் அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தக்க நண்பர் அருகில் இல்லாத வேளையில் அக்குரலும் ஓர் இரண்டாம் கலமே.

துன்பமே வாராத வாழ்வு எவர்க்கும் வாய்ப்பதில்லை. வந்த துன்பத்தை இன்னதென்று அறிதலும், அறிந்ததை உற்றவரிடம் உரைத்தலும், உரைத்தபின் சிறியதேனும் ஒரு செயலில் கை வைத்தலும் எவர்க்கும் இயலும். இன்று ஒருவன் கலங்கி நின்றால், அவன் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அவனுக்குத் துணையாதல் வேண்டும். நாளை முறை மாறலாம். ஒவ்வொரு வகுப்பிலும் அத்தகைய மாணவர் ஒருவர் இருப்பாராயின், அங்கே எவரும் நெடுநேரம் கையற்று நிற்க நேராது.